சின்னக் குளியலறை: எது இடம் தருகிறது, எது இடம் காட்டுகிறது?

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி கழிப்பிடமும் குளியலும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் வேண்டும்; ஏறக்குறைய 30 சதுர அடி. பல அடுக்குமாடி வீடுகளில் கிடைப்பதும் அதையொட்டித்தான். கம்மோடு, வாஷ்பேசின், கீசர், பக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இன்டீரியர்காரர்கள் சொல்லும் யோசனைகளில் சில மெய்யாகவே இடத்தை மிச்சப்படுத்துகின்றன. சில அறையைப் பெரிதாகக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

அதிகம் பேசப்படாத கதவுதான் அதிகம் தருகிறது. இரண்டரை அடிக் கதவு உட்புறம் திறந்தால், அது சுழல்வதற்கே சுமார் 5 சதுர அடி போய்விடும். அறையில் ஆறில் ஒரு பங்கு. வெளிப்புறம் திறந்தால் அவ்வளவும் மீளும். உள்ளே முதியவர் வழுக்கி விழுந்து கதவருகே கிடந்தாலும் திறந்து தூக்கலாம். ஸ்லைடிங் கதவும் இடத்தை மீட்கும். ஆனால் இடுக்கு வழியே சத்தமும் நாற்றமும் படுக்கையறைக்கு வரும்.

சுவரில் தொங்கும் கம்மோடுக்குக் கிடைக்கும் புகழில் பாதிதான் நியாயம். ஃப்ளஷ் டேங்கை மறைக்க அரையடி கனத்தில் தடுப்புச் சுவர் எழுப்பினால், முன்னால் மிச்சமானது பின்னால் செலவாகிறது. உண்மையான ஆதாயம், அடியில் துடைப்பம் தடையின்றிப் போவது. பழுது வந்தாலோ, பட்டன் பலகையைக் கழற்றி அந்தத் துளைக்குள்தான் பிளம்பர் கைவிட வேண்டும்.

ஈரப்பகுதியைக் கண்ணாடியால் பிரிப்பது கொள்கையளவில் சரி. தரை காய்ந்திருக்கும், வழுக்காது. ஆனால் மூன்றடிச் சதுரக் கூண்டு ஷவருக்கு அளந்தது. முக்காலியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றுகிறவருக்கு முழங்கை இடிக்கும். குழந்தையைக் குளிப்பாட்ட இன்னொருவர் நுழைய முடியாது. உப்பேறிய போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக் கறை படியவிடும். குளிக்கும் பக்கத்தை ஓர் அங்குலம் தாழ்த்தி, சரியான வாட்டம் கொடுத்து, ஒரு திரை தொங்கவிட்டால் குறைந்த செலவில் பெரும்பாலான பலன் கிடைத்துவிடும்.

பெரிய டைல்ஸ் சுவருக்குப் பொருந்தும். இணைப்பு குறைவதால் அழுக்கும் குறைவாகவே சேரும். தரையிலோ வாட்டத்துக்காக அவற்றை வெட்ட வேண்டிவரும். அங்கே சொரசொரப்பான ஓரடி டைல்ஸே மேல்.

கதவு, வாட்டம், சாமான் வைக்கும் சுவர் மாடம் மூன்றையும் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும்; பிறகென்றால் இடிக்காமல் நடக்காது. அறையைப் பெரிதாகக் காட்டும் முகக்கண்ணாடியும் விளக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நம் வீட்டுக்காரர்கள் பணத்தைப் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியே செலவிடுகிறார்கள்.