மாதிரி விமானத்துக்கு எந்த சர்வோ?

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானத்தில் மோட்டார் நின்றுவிட்டால் பாதகமில்லை; மிதந்தபடியே வந்து இறங்கிவிடும். வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடான எலிவேட்டரை அசைக்கும் சர்வோ நின்றுவிட்டால் அப்படி இறங்க வழியில்லை. இருந்தும் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மிஞ்சிய பணத்தில்தான் பலரும் சர்வோ வாங்குகிறார்கள். ஒன்பது கிராம் எடையுள்ள நீலப் பெட்டிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

சர்வோவின் உள்ளே இருப்பவை நான்கு: ஒரு சிறு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர்கள், வெளித்தண்டோடு சேர்ந்து சுழன்று கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர், இவற்றை நடத்தும் சர்க்யூட் பலகை. ரிசீவர் விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லிவிநாடி நீண்டால் சர்வோ நடுநிலையில் நிற்கும். 1 மில்லிவிநாடி ஒரு ஓரம், 2 மில்லிவிநாடி மறு ஓரம். கேட்ட கோணமும் அளந்த கோணமும் ஒன்றாகும் வரை பலகை மோட்டாரை ஓட்டுகிறது. நான்கு உறுப்புகளும் நான்கு விதமாகக் கெடும். மோட்டாரின் பிரஷ் தேயும். கியர் பல் உடையும். அதிர்வில் சால்டர் விரிசல் விடும். பொட்டென்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்தால் சர்வோ ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நடுங்கும். எரிபொருள் இன்ஜின் வைத்த விமானங்களில் இந்தக் கடைசிக் கோளாறு சீக்கிரம் வரும். மின்மோட்டார் விமானத்தில் அதிர்வு குறைவு என்பதால் தாமதமாகும்.

விவரப் பட்டியலில் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது முறுக்குவிசை மீதுதான். 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால், தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.8 கிலோ எடையைத் தொங்கவிட்டால் சர்வோ முக்கி நின்றுவிடும் என்று பொருள். அது வேலை செய்யும் அளவு அல்ல, வேலை நின்றுபோகும் அளவு. அதில் மூன்றில் ஒரு பங்கையே நம்பிக் கணக்குப் போடுவது நல்லது. எண்ணை அச்சடிப்பவரின் நாணயமும் இதில் இருக்கிறது. டவர்புரோ எஸ்ஜி90 சர்வோவின் தாளில் 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ. என்றிருக்கும். ஏறத்தாழ அதே எடையும் உருவமும் கொண்ட ஹைடெக் எச்எஸ்-55 சர்வோவுக்கு அதன் நிறுவனம் சொல்வது அதே வோல்ட்டில் 1.1, 6 வோல்ட்டில் 1.3 மட்டுமே. விலை அதிகமான பொருள் குறைவாகச் சொல்லிக்கொள்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் மலிவானதையே எடுப்பார்.

உண்மையில் எவ்வளவு விசை வேண்டும்? 40 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள ஒரு எயிலரானை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டை, எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அதை 25 பாகை மடக்கினால், கீலில் விழும் சுமை தோராயமாக 0.3 முதல் 0.4 கிலோ-செ.மீ.தான். சர்வோ கையும் எயிலரான் கையும் ஒரே நீளமாக இருந்தால் சர்வோவுக்கும் அதே சுமை. வேகம் இரட்டிப்பானால் சுமை நான்கு மடங்காகி 1.4 கிலோ-செ.மீ.யைத் தொடும். அசையும் தகட்டின் அகலம் இரட்டிப்பானாலும் நான்கு மடங்குதான். நீளம் இரட்டிப்பானால் இரு மடங்கு மட்டுமே. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு ஒன்பது கிராம் சர்வோ போதும் என்பதும், அதையே வேக விமானத்தில் வைத்தால் டைவ் அடித்து மீளும்போது எலிவேட்டர் மேலே வராமல் போவதும் இந்தக் கணக்கால்தான்.

ஃபுடாபா எஸ்3003 இதற்கு நல்ல சாட்சி. ரேடியோ தொகுப்புகளோடு பல ஆண்டுகள் வந்த சாதாரண சர்வோ அது. 37 கிராம் எடை, 4.8 வோல்ட்டில் 3.2 கிலோ-செ.மீ. இரண்டரைக் கிலோ எடையுள்ள இன்ஜின் பயிற்சி விமானங்களை அதுவே பறக்க வைத்தது. 55 கிராம் எடையில் 9.4 கிலோ-செ.மீ. தருவதாகச் சொல்லும் எம்ஜி996ஆர் அதைவிட மூன்று மடங்கு சிறந்ததாகிவிடாது. ரோபோ கைகளைத் தூக்க அது சரியான சரக்கு. விமானத்தில் அதன் எடையும் வேண்டாத சுமை, அது இழுக்கும் மின்சாரமும் வேண்டாத சுமை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 60 பாகை திரும்ப 0.1 முதல் 0.2 விநாடி எடுக்கும் எதுவும் சாதாரணப் பறத்தலுக்குப் போதும். ஹெலிகாப்டர் வால், முப்பரிமாண சாகச விமானம் ஆகியவற்றுக்கு மட்டுமே அதைவிட வேகமானது தேவை.

எந்தப் பட்டியலிலும் அச்சாகாத, ஆனால் பறக்கும்போது கைக்கு முதலில் தெரியும் குணம் ஒன்று உண்டு: குச்சியை விட்டதும் சர்வோ சரியாக அதே நடுவுக்குத் திரும்புகிறதா என்பது. இரண்டு பாகை தவறினால் விமானம் ஒரு முறை மூக்கைத் தூக்கும், மறுமுறை தாழ்த்தும்; எவ்வளவு ட்ரிம் செய்தாலும் அடங்காது. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு ஈர்க்குச்சி போதும். சர்வோவைப் பலகையில் இறுக்கிக் கட்டி, அதன் கையில் 20 செ.மீ. ஈர்க்கை ஒட்டி, நுனிக்குக் கீழே ஒரு தாளை வைக்க வேண்டும். அந்த நீளத்தில் ஒரு பாகை என்பது நுனியில் மூன்றரை மில்லிமீட்டர். சர்வோ டெஸ்டரால் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் நடுவுக்கு விட்டு, நுனி நின்ற இடத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு வலது ஓரத்திலிருந்து வரவிட்டு மீண்டும் குறிக்க வேண்டும். நல்ல சர்வோவில் இரு குறிகளும் ஏறத்தாழ ஒன்றன் மேல் ஒன்றாக விழும். எஸ்ஜி90 தாளிலேயே, 10 மைக்ரோவிநாடிக்குக் குறைவான மாற்றத்தை அது பொருட்படுத்தாது என்று இருக்கிறது. அது ஏறத்தாழ ஒரு பாகை. ஆகவே அதில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் அது கோளாறு அல்ல, சுபாவம். ஏழெட்டு மில்லிமீட்டர் தெரிந்தால் அந்தச் சர்வோவை வால் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரே பையில் வந்த நான்கில் இரண்டு தேறி இரண்டு தேறாமல் போவது மலிவு ரகத்தில் வழக்கம்தான்.

கியரைப் பொறுத்தவரை, உலோகம் என்றால் உயர்வு என்ற எண்ணம் பாதிதான் சரி. நைலான் பற்கள் இலேசானவை, புதிதில் ஆட்டமில்லாமல் பொருந்தியிருக்கும், விழுந்தால் உடையும். உலோகப் பற்கள் விழுந்தாலும் தாங்கும். ஆனால் நாளடைவில் தேய்ந்து, சர்வோ அசையாதபோதும் கை கொஞ்சம் ஆடத் தொடங்கும். வேக விமானத்தில் அந்த ஆட்டமே எயிலரான் படபடத்து இறக்கை பிய்வதில் முடியலாம். நைலான் கியரில் வேறோர் ஆபத்து: முரட்டுத் தரையிறக்கத்தில் ஒரே ஒரு பல் மட்டும் விரிந்து, வெளியே எதுவும் தெரியாமல் இருந்து, அடுத்த பறத்தலில் கழன்றுவிடும். கையால் திருகிப் பார்த்தால் நல்ல பல்லும் உடையக்கூடும். டெஸ்டரில் போட்டு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாக ஓட்டி, எங்காவது தட்டுகிறதா, தாவுகிறதா என்று பார்ப்பதே முறை.

டிஜிட்டல் சர்வோ மோட்டாருக்கு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மின்சாரம் செலுத்துவதால் நின்ற இடத்தில் கெட்டியாக நிற்கும். அதற்கேற்ற மின்சாரத்தையும் குடிக்கும். சர்வோ பழுது என்று பழி சுமத்தப்படும் விபத்துகளில் பல உண்மையில் மின்சாரப் பற்றாக்குறையே. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் பெக் என்ற சிறு பகுதிதான் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது. மலிவான 30 ஆம்பியர் கருவிகளில் அது பெரும்பாலும் லீனியர் ரகம். தாங்குவது 2 அல்லது 3 ஆம்பியர். மூன்று செல் பேட்டரியின் 11.1 வோல்ட்டை 5 ஆக்கி 2 ஆம்பியர் கொடுக்கும்போது சுமார் 12 வாட் வெப்பமாகிறது. நான்கு செல் போட்டால் நிலைமை இன்னும் மோசம். முக்கி நிற்கும் ஒன்பது கிராம் சர்வோ ஒன்று முக்கால் ஆம்பியர் வரை இழுக்கும். எம்ஜி996ஆர் 6 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர். விமானத்தின் நான்கு சர்வோக்களும் ஒரே நேரத்தில் திணறினால் வோல்ட் சரிந்து ரிசீவரே ஒரு கணம் அணைந்து எழும். தரையில் விழுந்த பிறகு எல்லாம் சரியாக வேலை செய்வதைப் பார்த்து உரிமையாளர் குழம்புவதும் இதனால்தான். நான்கு சர்வோவுக்கு மேல் போனாலோ டிஜிட்டல் வைத்தாலோ, 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பெக் தனியாக வைப்பது கட்டாயம். 6 வோல்ட் சர்வோவுக்கு இரண்டு செல் லித்தியம் பேட்டரியை நேராகக் கொடுக்கக் கூடாது. முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட். ஹைவோல்டேஜ் என்று குறிப்பிட்ட சர்வோக்களே அதைத் தாங்கும்.

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எஸ்ஜி90, எம்ஜி90எஸ், எம்ஜி996ஆர் என்ற பெயர்களில் கிடைப்பவை எல்லாம் ஒரே தொழிற்சாலைச் சரக்கு அல்ல, நகல்கள் ஏராளம். ஸ்டிக்கரைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. எடை கொஞ்சம் உதவும்: எம்ஜி90எஸ் 13.4 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் 10 கிராம் காட்டினால் உள்ளே உலோக கியர் முழுமையாக இல்லை என்று சந்தேகிக்கலாம். வாங்கியதும் டெஸ்டரின் தானியங்கி நிலையில் பத்து நிமிடம் ஆடவிட வேண்டும். சாக வேண்டிய சர்வோ மேஜையிலேயே செத்தால் இலாபம்.

சர்வோவைக் கொல்வதில் பொருத்துபவரின் பங்கும் உண்டு. சர்வோ கையைத் தகட்டோடு இணைக்கும் கம்பி இறுகியிருந்தாலோ, கீல் முரடாக இருந்தாலோ சர்வோ அசையாத நிலையிலும் உறுமும். அந்த உறுமல் மோட்டார் வெந்துகொண்டிருப்பதன் அறிகுறி. ஒரு நிறுவனத்தின் சர்வோ கையை இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது. ஃபுடாபா தண்டில் 25 பற்கள், ஹைடெக்கின் பெரும்பாலான சர்வோக்களில் 24, ஜேஆரில் 23. ஒன்றின் கையை மற்றொன்றில் அழுத்திச் செருகினால் உட்காரும். காற்றில் சுமை ஏறும்போது வழுக்கும்.

ஆக, ஒரு கிலோவுக்குள் உள்ள தெர்மோகோல் அல்லது நுரைப்பலகைப் பயிற்சி விமானத்துக்கு: எயிலரான் இரண்டுக்கும் சோதனையில் தேறிய எஸ்ஜி90 போதும். ஒன்று நின்றாலும் மற்றொன்றையும் ரடரையும் வைத்துச் சமாளிக்கலாம். எலிவேட்டருக்கு மட்டும் ஒரு படி மேலே போக வேண்டும். இமேக்ஸ் இஎஸ்08எம்ஏ-II போன்ற 12 கிராம் உலோக கியர் சர்வோ அங்கே பொருத்தம், 4.8 வோல்ட்டில் 1.6 கிலோ-செ.மீ. என்று அடக்கமாகவே சொல்லிக்கொள்கிறது. மெல்லிய இறக்கை கொண்ட கிளைடர்களுக்கு கேஎஸ்டி எக்ஸ்08 போன்ற 8 மி.மீ. தடிமன் உள்ளவை உண்டு. விலை கையைக் கடிக்கும், ஆனால் அந்த இறக்கைக்குள் வேறெதுவும் நுழையாது. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் முழு அளவு சர்வோவைத் தவிர வேறெதையும் வைக்காமல் இருப்பதே சிக்கனம். விழுந்த விமானத்திலிருந்து கழற்றிய சர்வோ, ஈர்க்குச் சோதனையில் தேறினாலும், எலிவேட்டருக்குத் திரும்பக் கூடாது. த்ராட்டிலுக்கோ பள்ளி மாணவரின் ரோபோ கைக்கோ அது போதும்.