குறுக்கே நிற்கும் தலை

பயோவேர் நிறுவனம் 2010 ஜனவரியில் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட் 2’ கேமில், துப்பாக்கியைத் தொடாமல் சும்மா நின்றே ஆட வேண்டிய ஒரு கட்டம் உண்டு. இடம் சிட்டடல் என்ற விண்வெளி நகரம். நண்பன் கேரஸ் உயரத்தில் ஸ்னைப்பரோடு பதுங்கியிருக்கிறான். கீழே, ஆட்கள் நடமாடும் இடத்தில், அவன் தேடி வந்த துரோகி. துரோகிக்கு எதிரே ஷெப்பர்ட், அதாவது நாம். குண்டு போக வேண்டிய பாதையை நம் தலை மறைத்துக்கொண்டிருக்கிறது. விலகினால் அவன் செத்தான். விலகாவிட்டால் பிழைப்பான்.

ஆர்.பி.ஜி. வகைக் கேம்களில் ‘கொல்வதா, விடுவதா’ என்ற கேள்விக்குப் பஞ்சமே இல்லை. தோற்றவன் மண்டியிடுவான், திரையில் இரண்டு வரிகள் தோன்றும், ஒன்றை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த மிஷன் அப்படியில்லை. பழி நம்முடையது அல்ல, நண்பனுடையது. துப்பாக்கியும் நம் கையில் இல்லை. நம்மிடம் இருப்பது நிற்கும் இடம் மட்டும். ஒரு தார்மீகக் கேள்வியை உடம்பு நிற்கும் இடமாக மாற்றிக் காட்டியதில் இதற்கு இணையான காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

கதை இதுதான். கேரஸ் முன்பு சிட்டடலின் காவல்படையான சி-செக்கில் இருந்தவன். விதிகளும் கோப்புகளும் குற்றவாளியைத் தப்பவிடுகின்றன என்று வெறுத்துப்போய் வெளியே வந்தவன். ஷெப்பர்ட் இல்லாத இரண்டு ஆண்டுகளில் ஒமேகா என்ற இடத்துக்குப் போய், ஆட்களைச் சேர்த்து, அங்குள்ள கூலிப்படைக் கும்பல்களை வேட்டையாடுகிறான். அவனுக்கு அங்கே ஆர்க்கேஞ்சல் என்று பெயர். அவன் குழுவில் ஒருவனான சிடோனிஸ் காட்டிக்கொடுக்கிறான். கேரஸைப் பொய் சொல்லி வேறு இடத்துக்கு இழுத்துவிட, பத்துப் பேர் சாகிறார்கள்.

கேரஸின் பக்கம் இருக்கும் நியாயத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஒமேகாவில் போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. ஆரியா என்ற ஒருத்தியின் விருப்பமே அங்கே சட்டம். செத்த பத்துப் பேருக்காக வழக்குப் போட ஓர் இடம்கூடக் கிடையாது. சிடோனிஸோ போலி அடையாளம் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் ஒளிந்திருக்கிறான். பழிவாங்குவது தவறு, சட்டத்திடம் விடு என்று சொல்கிறவர், எந்தச் சட்டம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுபக்கத்தைச் சொல்வது சிடோனிஸே. கும்பல்கள் அவனைப் பிடித்து, உதவாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியிருக்கின்றன. உயிருக்குப் பயந்து பேசியிருக்கிறான். அதன் பிறகு தூக்கமில்லை, சாப்பாட்டில் ருசியில்லை, செத்தவர்களின் முகங்கள் விடுவதில்லை. இதில் எழுத்தாளர்கள் காட்டிய கட்டுப்பாடு பாராட்டத்தக்கது. அவன் செய்ததற்குக் கடைசி நேரத்தில் வேறொரு சூழ்ச்சிக்காரனைக் கண்டுபிடித்து அவனைக் கழுவிவிடவில்லை. அவன் கோழை, கோழைத்தனத்தால் பத்துப் பேர் போனார்கள், அவனுக்கே அது தெரியும். சுடப்படும் பயத்தைவிட, உயிரோடு இருக்கும் களைப்புதான் அவன் பேச்சில் கேட்கிறது. ரேடியோவில் கேரஸும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதுதான் காட்சியின் உயிர். விட்டுவிட்டால் சிடோனிஸ் ஓடிப்போவதில்லை. தானே போய் சி-செக்கில் சரணடைகிறான்.

இவ்வளவு நன்றாகக் கட்டிய காட்சி சறுக்குவது அதன் கணக்குப் புத்தகத்தில். இந்தத் தொடரில் நல்ல பிள்ளைத்தனத்துக்குப் பாரகன் என்று நீலப் புள்ளி, முரட்டுத்தனத்துக்கு ரெனகேட் என்று சிவப்புப் புள்ளி. மன்னித்தால் நீலம், கொல்லவிட்டால் சிவப்பு. ஆட்டக்காரர் யோசிப்பதற்கு முன்பே விடைத்தாள் திருத்தப்பட்டுவிடுகிறது. நீலம் சேர்த்து வைத்தவர் சிடோனிஸின் முகத்தைப் பார்க்காமலேகூட முடிவெடுக்கலாம். பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். சிடோனிஸ் பிழைத்த பிறகு கேரஸ் ஷெப்பர்டிடம் மனம்விட்டுப் பேசுகிறான்: கறுப்பு வெள்ளையாக உலகத்தைப் பார்ப்பது எளிது, நடுவில் உள்ள சாம்பல் நிறத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது அவன் பேச்சின் சாரம். இரண்டே நிறத்தில் மதிப்பெண் போடும் ஒரு கேமுக்குள் இருந்துகொண்டு இதைச் சொல்கிறான், பாவம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அது விமர்சனங்களில் அதிகம் அடிபடுவதில்லை. சிடோனிஸைக் காப்பாற்ற வேண்டுமானால் ஷெப்பர்ட் என்ன செய்கிறார்? நண்பன் நம்பிக் கொடுத்த வேலை, இரையைக் குறிக்கு நேராக நிறுத்துவது. அந்த வேலையை ஏற்றுக்கொண்டு போய், கடைசி நொடியில் இரையை எச்சரித்து, தன் தலையைக் குறுக்கே வைக்கிறார். கேரஸ் தன் நண்பனின் தலையைச் சுடமாட்டான் என்ற தைரியத்தில் அந்த நட்பையே கேடயமாகப் பிடிக்கிறார். ஒரு துரோகியை மன்னிக்க வைக்க இன்னொரு துரோகம் தேவைப்படுகிறது. சிறியதுதான், நல்ல நோக்கம்தான். ஆனாலும் காட்டிக்கொடுக்கப்பட்டு வெந்துபோயிருக்கும் ஒருவனிடம் செய்யும் காரியம் அது. விலகு என்று அவன் ரேடியோவில் கத்தும்போது அந்த வலி கேட்கிறது.

மிஷன் முடிந்ததும் அந்த வலிக்கு மதிப்பே இல்லை. கொன்றாலும் சரி, விட்டாலும் சரி, கேரஸின் லாயல்ட்டி முழுசாகக் கிடைத்துவிடுகிறது. இறுதிப் போரில் தோழர்கள் பிழைப்பதற்கு அந்த விசுவாசம் முக்கியம் என்பதால், அதை இழக்கும் பயம் இருந்திருந்தால் ஆட்டக்காரரின் கை நடுங்கியிருக்கும். இங்கே இழப்பதற்கு எதுவும் இல்லை. கொல்லவிட்டவருக்கும் அப்படியே: பட்டப்பகலில், நகரத்தின் நடுவில் ஒருவன் தலையில் குண்டு பாய்கிறது, விசாரிக்க ஒரு சி-செக் ஆள்கூட வருவதில்லை.

இதே கேமில் இதைவிடத் துணிச்சலான வேலையும் இருக்கிறது. கூலிப்படைக்காரன் ஸயீதின் கதையில், அவனைத் தலையில் சுட்டுவிட்டுப் போன பழைய கூட்டாளி வீடோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். பக்கத்தில் எரியும் ஆலைக்குள் தொழிலாளர்கள். அவர்களைக் காப்பாற்றினால் வீடோ தப்பிவிடுவான், ஸயீத் கொதிப்பான், பேசிச் சமாளிக்கும் திறமை போதவில்லையென்றால் அவன் விசுவாசமும் கைநழுவும். நல்லது செய்ததற்கு விலை இருக்கிறது. எழுத்திலும் ஆழத்திலும் ஸயீதின் மிஷன் கேரஸினுடையதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் கணக்கு அங்கேதான் சரியாக இருக்கிறது. நேர்மாறான உதாரணம் மிரண்டாவின் கதை. அவளைக் காட்டிக்கொடுத்த பால்ய நண்பன் நிகெட்டை அவள் சுடவிடாமல் நாம் தடுத்தாலும், அடுத்த கணமே வேறொருத்தி சுட்டுத் தள்ளிவிடுகிறாள். நம்மைக் கேட்பது போலக் கேட்டுவிட்டுக் கதை தன் வழியில் போகிறது.

என்னைக் கேட்டால் சிடோனிஸை விட்டுவிடுவதே சரி. அவன் அதற்குத் தகுதியானவன் என்பதால் இல்லை. கேரஸ் கொல்ல வந்தது நினைவில் இருந்த ஒரு துரோகியை, அங்கே நிற்பதோ ஏற்கெனவே பாதி செத்த ஒரு மனிதன். ஆனால் குறுக்கே நின்றவருக்குக் கேரஸ் கொஞ்ச காலமாவது முகம் கொடுத்துப் பேசியிருக்கக் கூடாது. அந்த விசுவாசத்தை மறுபடி சம்பாதிக்கும்படி வைத்திருந்தால், இது அந்தத் தலைமுறைக் கேம்களின் மிகச் சிறந்த மன்னிப்புக் காட்சியாகியிருக்கும். 2021-இல் மூன்று பாகங்களையும் மெருகேற்றி ஒரே தொகுப்பாக வெளியிட்டபோதும் பயோவேர் இந்தக் கணக்கைத் திருத்தவில்லை.