ஒரு ஷில்லிங் கச்சேரி

1939 அக்டோபர் 10. லண்டன் நேஷனல் கேலரியில் ஓவியங்கள் இல்லை; குண்டுவீச்சுக்குப் பயந்து வெளியூருக்கு அனுப்பியாச்சு. அந்த வெற்றுச் சுவர்களுக்கு நடுவில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். வாரம் ஐந்து நாள் வீதம் 1946 வரை மொத்தம் 1,698 கச்சேரிகள்!

இதைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் துணிச்சலைத்தான் புகழ்வார்கள். துணிச்சல் உண்மைதான்; குண்டு விழுந்தபோது கச்சேரி நிலவறைக்கு இறங்கியதே தவிர நிற்கவில்லை. ஆனா என்னைக் கேட்டால், என்ன வாசித்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம். பாக், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் என்று பாதிக்கு மேல் எதிரியின் மொழி பேசியவர்கள். முந்தைய போரில் இதே ஊர் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ நிறுவனத்தின் அரங்கைப் பறித்து, 1917இல் விக்மோர் ஹால் என்று பெயர் மாற்றித் திறந்தது. அந்த மனநிலையிலிருந்து இது எவ்வளவு தூரம், பாருங்க.

1942இல் வந்த 'லிசன் டு பிரிட்டன்' ஆவணப்படத்தில் ஹெஸ் வாசிக்கிறார், அரசியார் கேட்கிறார். அழகான காட்சி. ஆனால் அங்கே இருப்பது ஆர்க்கெஸ்ட்ராவோடு மொசார்ட் கான்செர்டோ. அந்த வருடங்களைத் தாங்கியதோ சேம்பர் இசை: ஒரு சொனாட்டா, ஒரு நால்வர் குழு. ஆள் குறைவு, செலவு குறைவு, நிலவறையிலும் வாசிக்கலாம். மதிய இடைவேளைக்குள் முடிந்தும்விடும். படத்தில் விட்டுப்போனது இந்தச் சாதாரணம்தான். எனக்கு அதுதான் குறை.