அடைமொழியும் அதிகாரமும்: கத்தோலிக்கப் புனிதர் பெயர்கள் பற்றிய ஒரு நோக்கு

பெயரின் முன்னும் பின்னும் நிற்கும் மதிப்புச் சொற்களை அடைமொழி எனவும் உயர்வுப் பன்மை எனவும் வகுப்பதோடு இலக்கணகாரர் அமைந்துவிடுவர். சமூக வரலாற்று நோக்குடையோர் அவ்வாறு அமைதல் இயலாது. எச்சொல், எவருக்கு, எவரால் வழங்கப்பட்டது என்பதே அவர்களுக்குரிய வினா. கத்தோலிக்க மரபில் இவ்வினா கூர்மை பெறுகிறது. அங்கு அடைமொழி சட்டத்தாற் கட்டுண்டது.

தொடக்ககாலத் திருச்சபையில் மறைசாட்சிகளின் கல்லறைகளிற் கூடிய மக்களே அவர்களைப் புனிதராகக் கொண்டாடினர். 993 இல் பாப்பரசர் பதினைந்தாம் யோவான், ஒளக்ஸ்பேர்க் ஆயர் உல்ரிக்கைப் புனிதராக அறிவித்தார். 1234 இல் ஒன்பதாம் கிரகரியின் சட்டத்தொகுப்பு அவ்வுரிமையை உரோமாபுரிக்கே உரியதாக்கியது. ‘இறையூழியர்’, ‘வணக்கத்துக்குரியவர்’, ‘முத்திப்பேறு பெற்றவர்’, ‘புனிதர்’ என்னும் படிகள் இன்று நிலைபெற்றுள்ளன. மக்கள் வாயிற் பிறந்த சொல் மத்திய அதிகாரத்தின் முத்திரையாகிய வரலாறு இது.

தமிழிலோ நிலைமை இத்துணை ஒழுங்கானதன்று. நெடுங்காலம் வழங்கிய ‘அர்ச்சியசிஷ்டர்’ என்ற வடசொல்லாக்கம் ‘அர்ச்சனைக்குரியவர்’ என்ற பொருளை உட்கொண்டது. இறைவனுக்கே உரிய ஆராதனை வேறு, புனிதருக்குரிய வணக்கம் வேறு என்பது கத்தோலிக்க இறையியலின் அடிப்படை. அவ்வேறுபாட்டை இச்சொல் மங்கச் செய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர் ‘புனிதர்’ மேலோங்கியதைத் தனித்தமிழ் ஆர்வம் என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது.

யாழ்ப்பாணத்து வழக்குகள் இன்னும் சுவையானவை. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647 இல், போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்தில், இயற்றியது ‘சந்தியோகுமையோர் அம்மானை’. ‘சந்தியாகோ’ என்பதிலேயே ‘புனித’ என்னும் அடைமொழி கலந்துள்ளது. ‘மையோர்’ என்பது ‘பெரியவர்’ எனப் பொருள்படும் ‘மாயோர்’. யாக்கோபு என்னும் பெயருடைய திருத்தூதர் இருவருள் ஒருவரைப் பிரித்தறிய இடப்பட்டது. தமிழ்ச் செவிக்கு அதன் ஈறு உயர்வுப் பன்மை விகுதியாகவே ஒலித்திருக்கும். அதன்முன் மீண்டும் ‘அர்ச்.’ சேர்க்கையில் ஒருவருக்கே மதிப்பு அடுக்கடுக்காகிறது. சம்பத்திரிசியார் கல்லூரி, பரியோவான் கல்லூரி ஆகிய பெயர்களும் இவ்வாறானவையே. முன்னதில் ‘சம்’ கத்தோலிக்கரின் ஐரோப்பிய அடைமொழி; பின்னதில் ‘பரி’, அங்கிலிக்கர் வழங்கிய ‘பரிசுத்த’ என்பதன் குறுக்கம். இரு சபைகளின் வேறுபாடு ஓரசையில் உறைந்து கிடக்கிறது.

பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்பது பொருள். அதனைப் பெயர்த்த தமிழர் ‘சின்ன’ என்று நிறுத்தவில்லை, ‘சின்னப்பர்’ என்றனர். சிறுமையைக் கூறும் பெயரே தந்தைமையும் மதிப்பும் பெற்றது. மரியாளின் பெயரிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். போர்த்துக்கேயரின் ‘நொஸ்ஸா செஞ்ஞோரா’ நிலமானிய ஐரோப்பாவின் தலைவியைக் குறிக்கும் சொல். நம்மவர் அதனைச் ‘சீமாட்டி’ எனப் பெயர்க்காது ‘மாதா’ என்றனர். மருதமடுவில் வீற்றிருப்பவள் எசமானி அல்லள், தாய். பொதுமக்களின் தெரிவு இங்கு ஆள்வோரின் சொல்லை மீறியது என்பதே என் கருத்து. எனினும் ‘இராக்கினி’யும் செபங்களில் உடன் நிற்பதை மறைத்தல் நேர்மையன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது தேவசகாயம் பற்றிய பிரச்சினை. திருவிதாங்கூர் அரச சேவையிலிருந்த நீலகண்ட பிள்ளை 1745 இல் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்பதன் பொருளே ‘தேவசகாயம்’ ஆயிற்று. சாதி வேறுபாடின்றிப் பழகிய அவர் 1752 இல் காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டபோதும் ‘பிள்ளை’ அவரை விட்டு நீங்கவில்லை. சாதிப்பெயரை நீக்குமாறு கோரிக்கை எழுந்தது; 2022 மே 15 இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அது நீக்கப்பட்டிருந்தது. ‘பிள்ளை’ வெறும் மரியாதைச் சொல் என வாதிப்போர் உளர். மரியாதை எவருக்கு மறுக்கப்பட்டது என்பதை அவர்கள் வினவுவதில்லை. வழிபாட்டுப் பெயரில் அதற்கு இடமில்லை. வரலாற்று நூல்களிலோ நீலகண்ட பிள்ளை என்ற பெயர் மறையாதிருத்தல் வேண்டும்; அவர் எதைத் துறந்தார் என்பதற்கு அப்பெயரே சான்று.