இழுத்த கம்பி

புளூஸ் கலைஞர் பட்டி கய் கிடார்க் கம்பியை அழுத்தி மேலே தள்ளும்போது ஸ்வரம் சாதாரண காந்தாரத்திலிருந்து கிளம்புகிறது. ஆனால் அந்தர காந்தாரம்வரை போய்ச் சேர்வதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நின்று ஆடுகிறது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததி தொண்டையில் காப்பாற்றி வைத்திருந்த ஸ்வரம் அது. கிடார் கைக்கு வந்தபோது, அதில் இல்லாததைக் கம்பியை இழுத்து வரவழைத்துக்கொண்டார்கள். புளூஸ் என்கிற அவர்கள் இசையின் உயிர் அந்த இழுப்பில் இருக்கிறது.

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படவில்லை. வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுப்பதும் இதே வித்தைதான். அதைவிடவும் நெருக்கமாக எனக்குப் பட்டது உருமி. அம்மன் கோயில் திருவிழாவில் கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிக்கிறவர்களைக் கவனித்தால் தெரியும். உருமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் முனகும். நாதஸ்வரம் பாட்டை எடுத்துப் போகும்போது அடியில் அந்த முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். மூத்த புளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் விரலில் குழாய் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசித்த பதிவை முதன்முதலில் கேட்டபோது, எங்கள் தெரு முனையில் விடிய விடியக் கேட்ட உருமிதான் நினைவுக்கு வந்தது. சாமி வந்து ஆடுகிறவருக்கும், விடிந்தால் பருத்திக்காட்டுக்குப் போக வேண்டிய கூலிக்காரருக்கும் வேண்டியிருந்த ஒலி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது.

புளூஸின் சட்டகம் மிகச் சின்னது. பன்னிரண்டு தாள அளவுகள், மூன்றே ஸ்வரக்கூட்டுகள் (கார்டுகள்). ஒரு வரி பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதில் வரும். ஒவ்வொரு வரி முடிந்ததும் மிச்சமிருக்கும் இடத்தில் கிடார் பேசும். இவ்வளவுதான் விதி. இத்தனை குறுகிய வீட்டுக்குள் ஒரு கலைஞன் ஆயுள் முழுக்கக் குடியிருக்க வேண்டுமென்றால், எதைப் பாடுகிறான் என்பதைவிட, அந்த நிமிஷத்தில் அதை எப்படித் தாமதிக்கிறான், எங்கே நிறுத்துகிறான் என்பதே எல்லாமாகிவிடுகிறது. அதைத் தட்டில் அச்சிட்டு வைப்பது கடினம்.

பட்டி கய் விஷயத்தில் இது இன்னும் கூடுதலாக உண்மை. 1936 ஜூலை 30 அன்று லூயிசியானாவின் லெட்ஸ்வொர்த்தில், நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் பருத்தி எடுத்தார். ஜன்னலில் அடித்த கொசுவலைக் கம்பியை உருவித் தானே ஒரு வாத்தியம் செய்துகொண்டார். 1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோவுக்கு ரயிலேறினார். வேலை கிடைக்காமல், சாப்பாடில்லாமல் திரிந்த அந்த மாதங்களில் அவர் வாசிப்பைக் கேட்டு, காரில் உட்கார வைத்துச் சலாமி சாண்ட்விச் கொடுத்தவர் மடி வாட்டர்ஸ். பட்டி கய் இதைச் சொல்லி அலுத்ததே இல்லை. அறுபதுகளில் செஸ் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். ஆனால் அவர் மேடையில் எழுப்பிய இரைச்சலை, ஒலி அலறித் திரும்பும் அந்த வெறியை, பதிவுக்கூடத்தில் அனுமதிக்கவில்லை. அதைச் சத்தம் என்றே நினைத்தார்கள். அதே ஒலியை எரிக் கிளாப்டனும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவருமே பட்டி கய்யைக் கேட்டு வளர்ந்தவர்கள். நிறுவனத்துக்குப் பிறகுதான் புத்தி வந்தது, அதற்குள் அவர் அங்கிருந்து கிளம்பும் காலமும் வந்துவிட்டது. ஆகவே அவருடைய இளமையின் உச்சம் தட்டுகளில் அரைகுறையாகத்தான் இருக்கிறது. 1965-ல் பாடகர் ஜூனியர் வெல்ஸோடு வாசித்த ‘ஹூடூ மேன் புளூஸ்’ அற்புதமான தட்டு, சந்தேகமில்லை. அதிலும் அவர் அடக்கித்தான் வாசிக்கிறார். 1991-ல் வந்த ‘டேம் ரைட், ஐ’வ் காட் த புளூஸ்’ அவருக்கு மறுவாழ்வு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 55.

எங்கள் ஊர்க் காமராசர் அணைக்கரையில் மாலை நடக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் இந்தத் தட்டுகளைத்தான். ஒரு கட்டத்தில் தெளிவாகிவிட்டது: இந்த மனிதரைக் கேட்க வேண்டுமென்றால் அவர் நிற்கிற அறையில் நாமும் இருக்க வேண்டும்.

இப்படித் தேடிப் போய்க் கேட்பது நம் பக்கத்திலும் புதிதல்ல. ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடி வாசிக்கிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். காருகுறிச்சி அருணாசலம் கல்யாணத்துக்கு வருகிறார் என்றால் அழைப்பில்லாதவர்களும் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். வண்டி போகிற தூரம் மட்டும் இப்போது கூடியிருக்கிறது. மதுரையில் விமானமேறி, சென்னையிலும் வளைகுடாவிலும் மாறி, ஒரு ஜனவரியில் சிகாகோவில் இறங்கினேன். சென்னையில் விசா நேர்காணலில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பாட்டுக் கேட்க என்றேன். யார் பாட்டு என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் மேற்கொண்டு கேள்வி வரவில்லை.

ஜனவரி என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1989-ல் அவர் தொடங்கிய ‘பட்டி கய்ஸ் லெஜண்ட்ஸ்’ கிளப், 2010 முதல் தெற்கு வாபாஷ் அவென்யூவில் 700-ஆம் எண்ணில் இருக்கிறது. உலகமெல்லாம் சுற்றுகிறவர், குளிர் எலும்பைத் துளைக்கிற அந்த மாதத்தில் தன் வீட்டில் வாசிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார். மிச்சிகன் ஏரிக்காற்றில் வரிசையில் நிற்க வேண்டும். முந்திப் போகிறவருக்கு மேடையருகே மேசை. உள்ளே லூயிசியானாச் சாப்பாடு. கம்போ என்கிற குழம்பில் வெண்டைக்காய் மிதக்கிறது. வெண்டையும் ஆப்பிரிக்காவிலிருந்து அவர்களோடு அமெரிக்காவுக்குப் போனதுதான்.

எண்பதைக் கடந்த மனிதர், கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரோடு வந்தார். அந்தப் புள்ளிகளுக்குக் கதை உண்டு. நோயில் கிடந்த தாயிடம் விடைபெறும்போது, சம்பாதித்துப் புள்ளி போட்ட கடிலாக் காரில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கார் வரும் முன் 1968-ல் அம்மா போய்விட்டார். சொன்ன சொல் கிடாரின்மேல் ஏறிக்கொண்டது.

முதலில் ‘டேம் ரைட்’. நல்ல ஆர்ப்பாட்டம். பிறகு ‘ஹூச்சி கூச்சி மேன்’. வில்லி டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1954-ல் பதிவுசெய்த பாட்டு. பாதியில் பட்டி கய் ஒலிக்குமிழைத் திருகிக் குறைத்தார். இன்னும் குறைத்தார். டிரம்ஸ் வெறும் முட்டிச் சத்தமாகத் தேய்ந்தது. கிடார் கம்பியில் விரல் உரசுவது மட்டும் கேட்டது. என் மேசைக்குக் கொண்டுவந்த கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் வரும் என்று பரிமாறும் பெண் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை மேசைகளும் அடங்கிப்போன அந்த இடத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து, விடாமல் வைத்திருந்தார். அடுத்த அளவு வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. இனித் தாங்காது என்கிற நேரத்தில் குமிழை முழுக்கத் திறந்தார். மேசைப்பலகை அதிர்ந்தது.

ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இந்த இரண்டு எல்லைகளையும் ஒன்றையொன்று நெருங்கத் தள்ளிவிடுகிறார்கள். முணுமுணுப்பு கேட்க வேண்டும் என்று தூக்குவார்கள், கத்தல் உடையக் கூடாது என்று அமுக்குவார்கள். நடுவில் பட்டி கய் காணாமல் போகிறார். அவர் கலை அந்த இடைவெளியில் இருக்கிறது. பலரும் அவரை வேகத்துக்காகவும் சத்தத்துக்காகவும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் தணிந்து வாசிப்பதுதான் பெரிது. டிரம்ஸ் குச்சியால் கம்பியைத் தட்டுவதையும் துண்டால் அடிப்பதையும் அவ்வளவாக நான் ரசிக்கவில்லை. ஒரு பாட்டைத் தொடங்கிப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதும் அவர் பழக்கம், கேட்கிறவருக்கு ஏக்கம் மிஞ்சும். ஆனால் தணிந்து வாசிக்கும்போது அவருக்கு இணையாக நிற்கக்கூடியவர் இன்று எவருமில்லை.

அப்புறம் மேடையை விட்டு இறங்கினார். இளமையில் கிடார் ஸ்லிம் என்பவர், நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு வெளியிலிருந்து வாசித்தபடியே கூட்டத்துக்குள் நுழைந்ததைப் பார்த்தவர் பட்டி கய். அன்றே இப்படித்தான் வாசிப்பேன் என்று முடிவுசெய்தவர். இப்போது ஒயரில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். என்னருகே நின்றபோது இடதுகையைப் பார்த்தேன். மோதிரவிரல் கம்பியைத் தள்ளுகிறது. நடுவிரலும் ஆள்காட்டிவிரலும் பின்னால் சேர்ந்து முட்டுக் கொடுக்கின்றன. கட்டைவிரல் கழுத்துக்கு மேலே வந்து பிடிமானம் பிடிக்கிறது. மணிக்கட்டுதான் திரும்புகிறது, விரல் மடங்குவதேயில்லை. விரல் என் பக்கத்தில், ஒலி மேடையிலிருக்கும் ஆம்ப்ளிஃபையரில். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரரை ஒட்டி நடந்து கேட்டவர்களுக்கு இது புரியும். சபாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பது வேறு. வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்குவது தெரிகிற தூரத்தில் நின்று கேட்பது வேறு.

மறுநாள் தெற்கு மிச்சிகன் அவென்யூவில் 2120-ஆம் எண் கட்டிடத்துக்குப் போனேன். செஸ் ரெக்கார்ட்ஸ் இருந்த இடம். இப்போது வில்லி டிக்சன் பெயரிலான அறக்கட்டளை அதைப் பாதுகாக்கிறது. சின்னக் கட்டிடம்தான். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களிலிருந்து வடக்கே ரயிலேறிய லட்சக்கணக்கானவர்களில் சிலர் இதன் படியேறினார்கள். நூற்பாலைகளும் பருத்தியும் பிழைப்பாக இருக்கிற திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனவனுக்கு அந்தப் படிக்கட்டில் சற்று நேரம் நிற்கத் தோன்றியது.

கடல் கடக்க முடியாதவர்களுக்கு மும்பை இருக்கிறது. பாந்த்ராவின் மெகபூப் ஸ்டுடியோவில் 2011-ல் மகிந்திரா புளூஸ் விழா தொடங்கியபோது முதல் ஆண்டே பட்டி கய் வந்து வாசித்தார். பிறகும் வந்தார். ஷில்லாங்கின் ‘சோல்மேட்’ குழுவையும் அந்த மேடையில் கேட்கலாம். திப்ரிதி கர்பங்கரின் குரலும் ரூடி வாலங்கின் கிடாரும் நம் நாட்டிலேயே விளைந்த நல்ல புளூஸ்.

2025-ல் வந்த ‘சின்னர்ஸ்’ படத்தின் முடிவில் முதுமையடைந்த புளூஸ் பாடகராக வருபவர் பட்டி கய்யேதான். அதைப் பார்த்துவிட்டு அவரைத் தேடத் தொடங்கிய இளைஞர்கள், கையோடு கிறிஸ்டோன் ‘கிங்ஃபிஷ்’ இங்கிராமையும் கேட்க வேண்டும். 1999-ல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். 2019-ல் வந்த இவருடைய முதல் தட்டில் பட்டி கய் கூடச் சேர்ந்து பாடியிருக்கிறார். ‘662’ தட்டுக்குக் கிராமி வாங்கிவிட்டார். கம்பியை அவர் இழுக்கும்போது ஸ்வரம் நடுவழியில் சரியாக நிற்கிறது. தணிந்து வாசிக்க இன்னும் கொஞ்சம் வயதாக வேண்டும். அவர் எந்த ஊருக்கு வந்தாலும் போய்க் கேட்டுவிடுங்கள். முடிந்தால் மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.