பட்டியலில் வெல்லும் எரிபொருள்கள்

ஹைட்ரஜன் உருளை வேண்டாம்; திரவ எரிபொருளை நேராக ஊற்றினால், அது மின்வாயிலேயே ஆக்சிஜனேற்றமடைந்து மின்சாரம் தரும். நேரடி எரிபொருள் மின்கலத்தின் ஈர்ப்பு இதுதான். இங்கு நெடுங்காலமாக முன்னிற்பது மெத்தனால். மாற்று தேடுவோர் முதலில் காட்டுவது ஆற்றல் பட்டியலை: கிலோவுக்கு எத்தனால் 8, மெத்தனால் 6.1, ஃபார்மிக் அமிலம் 1.7 கிலோவாட் மணி.

இந்தப் பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. எத்தனால் முழுவதும் கார்பன் டைஆக்சைடாகி 12 எலக்ட்ரான்களையும் தந்தால்தான் அந்த 8. அதற்கு இரு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுபட வேண்டும். 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, பிளாட்டினம்-டின் வினையூக்கியில் அது பெரும்பாலும் அறுபடுவதில்லை; வினை அசிட்டால்டிஹைடிலோ அசிட்டிக் அமிலத்திலோ நின்றுவிடுகிறது. அசிட்டிக் அமிலம் வரை போனாலும் கிடைப்பது 4 எலக்ட்ரான். 8 என்பது சுமார் 2.7 ஆகிவிடும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஆட்ஜிச் குழுவினர் 2009-இல் ரோடியம் சேர்த்து அறை வெப்பநிலையிலேயே அந்தப் பிணைப்பை உடைத்தது அருமையான வேதியியல். ஆனால் ரோடியம் பிளாட்டினத்தைவிட அரிது. மெத்தனாலிலோ உடைக்க அந்தப் பிணைப்பே இல்லை. அதன் 6 எலக்ட்ரான்களும் ஏறக்குறைய முழுதாக வந்துசேர்கின்றன.

ஃபார்மிக் அமிலத்தின் வாதம் வலுவானது. குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்கும் அதே அமிலம், பல்லேடியத்தின் மீது கார்பன் மோனாக்சைடு வழியைத் தவிர்த்து வேகமாக வினைபுரிகிறது. மின்வாய்களைப் பிரிக்கும் சவ்வைக் கடந்து கசிவதும் குறைவு. ஆனால் சில மணி நேரத்திலேயே பல்லேடியம் மந்தமாகிவிடுகிறது, மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான்தான் என்பதால் தொட்டியும் பெரிதாகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மாற்றுகளில், போரோஹைட்ரைடு தானே நீரோடு வினைபுரிந்து வீணாகிறது. ஹைட்ரசீனின் நச்சுத்தன்மையே அதை வீட்டுக்குள் விடாது.

நச்சு என்றால் மெத்தனாலையும் விட முடியாது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். எனவே மூடி முத்திரையிட்ட புட்டி இல்லாமல் அது விற்கப்படவே கூடாது. சவ்வைக் கடந்து கசிவதும் அதன் பெருங்குறை. மின்வாய்க்குச் சுமார் 3 சதவீதக் கரைசலாகத்தான் செலுத்த முடியும். ஆயினும் வினையில் பிறக்கும் நீரையே மீட்டுக் கலந்துகொள்வதால், சுமந்து செல்வது தூய மெத்தனால்தான். 2009-இல் தோஷிபா 3,000 எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்ட மெத்தனால் கைபேசி மின்னூட்டி தொடரவில்லை. லித்தியம் மின்கலம் ஆளும் இடம் அது. ஆனால் மின்கம்பி எட்டாத கண்காணிப்பு நிலையங்களில் ஜெர்மனியின் எஸ்எஃப்சி நிறுவன மெத்தனால் கலங்கள் ஓடுகின்றன.

என் தீர்ப்பு மெத்தனாலுக்கே, அதுவும் இத்தகைய இடங்களுக்கு மட்டும். ரோடியம் இன்றி எத்தனாலின் 12 எலக்ட்ரான்களையும் பறிக்கும் வினையூக்கி வரும் நாளில் வழக்கை மறுபடி திறக்கலாம்.