அச்சுப் பக்கமும் உரையாசிரியனும்

நூலொன்றை விமரிசிப்போர் அதன் பொருளை ஆராய்வர்; நடையை ஆராய்வர். அந்நூல் தாளில் எவ்வாறு இடம்பெற்றிருக்கிறது என்பதை ஆராய்வார் அரியர். அஃது அச்சகத்தார் பார்த்துக்கொள்ளும் காரியம் என விட்டுவிடுதலே நம்மிடை வழக்கம். யானும் நெடுங்காலம் அவ்வழக்கத்தினன். அண்மையில், இக்கல்லூரியிற் பயின்று இப்பொழுது கொழும்பிலே வரைகலை வடிவமைப்புக் கற்கும் மாணவர் ஒருவர், தம் ஊர் வாசிகசாலை சிறுவர்க்கென வெளியிடவிருந்த சிறு நூலொன்றன் மாதிரிப் பக்கங்களைக் கொணர்ந்து என் கருத்தை வேண்டினார். உரைநடைப் பக்கங்கள் மூன்று. திருக்குறளின் ஓரதிகாரம் அமைந்த பக்கம் ஒன்று. அவற்றை நோக்கியபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. அவர்தம் இசைவு பெற்றே எழுதுகின்றேன். ஈண்டுக் குறைகளெனக் காட்டப்படுவன பெரும்பாலும் அவர் கற்ற கொள்கைகளின் குறைகளேயன்றி அவருடையன அல்ல.

அவர் தலைமேற்கொண்ட கொள்கை பியாற்றிஸ் வோட் என்னும் அமெரிக்கப் பெண்மணியாருடையது. இலண்டனில் மொனோரைப் நிறுவனத்திற் பணியாற்றிய அவ்வம்மையார் 1930ஆம் ஆண்டில் அச்சுக்கலைஞர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவொன்று பின்னர்ப் ‘பளிங்குக் கிண்ணம்’ என்னும் பெயராற் புகழ்பெற்றது. 1955இல் வெளிவந்த அவர்தம் கட்டுரைத் தொகுதிக்கும் அதுவே பெயராயிற்று. மதுவின் நிறத்தையும் தன்மையையும் அறிய விழைவோன் பொற்கிண்ணத்தை நாடான். தெளிந்த பளிங்குக் கிண்ணத்தையே நாடுவான். அவ்வாறே அச்சும் தன்னைக் காட்டாது கருத்தையே காட்டல் வேண்டும் என்பது அதன் சாரம். உவமை கவர்ச்சியானது. கற்கத் தொடங்குவோனுக்கு அது நல்ல மருந்துமாகும். எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கிற் கணினியிற் கிடைக்கும் இக்காலத்தில், ஒரே பக்கத்தில் ஆறுவகை எழுத்தைத் திணித்து, ஒவ்வொன்றுக்கும் நிழலும் கரையும் இட்டு, அதனை அழகென மயங்குவோர் உளர். நம் திருவிழா விஞ்ஞாபனங்களைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மாணவரின் பக்கங்களில் அந்நோய் இல்லை. எழுத்துரு ஒன்றே, அளவு இரண்டே. ஓரங்களில் வெண்மை தாராளமாக விடப்பட்டிருந்தது. முதற் பார்வையில் மகிழ்ந்தேன். படிக்கத் தொடங்கிய பின்னரே இடர் தோன்றிற்று. கண் வரியோடு செல்லாது வரிக்குக் குறுக்கே வழுக்கிற்று. ஒரு பந்தி எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கிற்று என்பது புலப்படவில்லை. பளிங்குக் கிண்ணம் எனக் கருதிச் செய்த பாத்திரம் மதுவை மறைத்துவிட்டது.

காரணத்தைத் தேடுமிடத்து அவர்தம் இரண்டாவது ஆசிரியரைப் பற்றியும் சொல்லவேண்டும். யான் சிக்கோல்ட் லைப்சிக் நகரிற் பிறந்தவர். 1928இல், தமது இருபத்தாறாம் வயதில், ‘புதிய அச்சுக்கலை’ என்னும் நூலை எழுதி, நடுக்கோட்டில் இருபுறமும் ஒத்து அமையும் பழைய பக்கத்தைத் தள்ளி, அணிநுனியற்ற எழுத்தையும் ஒருபாற் சாய்ந்த அமைப்பையும் காலத்தின் கட்டளையாக முழங்கினார். 1933இல் நாற்சிகள் அவரைச் சிறையிட்டனர். விடுபட்டுச் சுவிற்சர்லாந்து சென்றார். அங்கே சிந்தனை மாறிற்று. தம் இளமைக் கொள்கையின் கட்டளைத் தொனி, தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் தொனியோடு உறவுடையதெனப் பின்னாளில் அவரே கருதினார். 1947இல் இங்கிலாந்தின் பெங்குவின் பதிப்பகத்துக்குச் சென்று, மலிவு நூல்களின் பக்கங்களைச் சீர்செய்யும் பொறுப்பை ஏற்றபோது அவர் எழுதியது முழக்கநூல் அன்று. அச்சுக்கோப்போர்க்கான நான்கு பக்க விதிகள். அவ்விதிகளில் முதற்கண் நிற்பது எழுத்துருவோ அமைப்போ அன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விடும் வெளி. அதனை இயன்றவரை நெருக்குக என்பதே தொடக்கம்.

எம் மாணவர் 1928ஆம் ஆண்டு நூலைப் பற்றி விரிவாக அறிந்திருந்தார். நான்கு பக்க விதிகளை அவர் படித்திலர். புரட்சி செய்த இளைஞனை அறிந்து, வெளியை எண்ணிய முதியவனை அறியாமை கற்போர்க்கு இயல்புபோலும். ஆயின் தமிழ்ப் பக்கத்தை ஆக்குவோனுக்கு அம்முதியவனே வேண்டப்படுகிறான்.

ஏனெனில், ஆங்கில நூல்கள் கூறும் அளவுகள் ஆங்கில எழுத்தின் இயல்பிற் பிறந்தவை. ஒரு வரியில் 45 முதல் 75 வரை எழுத்துக்கள் அமைதல் நன்று, 66 மிக நன்று என்பர். அவ்வாறமைந்த ஆங்கில வரியிற் சொற்கள் பத்துக்கு மேல் வரும். அதே அகலத்தில், அதே அளவிற் தமிழைக் கோத்தாற் சொற்கள் ஐந்தோ ஆறோதான் வரும். எழுத்து அகன்றது, சொல்லும் விகுதியும் வேற்றுமையுருபும் ஏற்று நீள்வது. இரு ஓரமும் நேராக நிற்கவேண்டுமெனக் கணினியைப் பணித்தால், எஞ்சும் இடத்தை அது சொல்லிடை வெளிகளுக்குப் பங்கிடும். பத்து இடைவெளி பகிர்ந்துகொள்வதை நாலைந்து இடைவெளி பகிரும்போது ஒவ்வொன்றும் இருமடங்காய் வாய்பிளக்கும். அப்பிளவுகள் வரிக்கு வரி கீழிறங்கிப் பக்கத்தூடே வெண்ணிற ஓடையாக ஒழுகும். கண் வழுக்கியது அவ்வோடையிலேயே.

பழைய அச்சுக்கோப்போர் இவ்விடரை அறிந்திருந்தனர். சொல்லை வரியிறுதியிற் கூசாது பிரித்தனர். பலர் பிரிவுக் கோடும் இடுவதில்லை. மெய்யெழுத்து வரிமுதலாகாது என்ற ஒன்றை மட்டும் பேணினர். மொழிமுதலாகாத எழுத்தை வரிமுதலாகவும் விடாத அவ்வுணர்வு இலக்கணக் கல்வியின் பயனா, கைப்பழக்கத்தின் பயனா என்பது தனியே ஆராயத்தக்கது. இவ்விடத்து மாணவர் ஒரு மறுப்புரைத்தார். வலவோரத்தை நேராக்காது விட்டால் வெளிகள் யாவும் ஒத்திருக்குமே என்றார். ஓரம் நேராகாத பக்கம் முடிவுறாத பக்கம் என்பது என் எண்ணம். அவர் அவ்வாறே ஒரு பக்கத்தை உடனே மாற்றிக் காட்டினார். படித்துப் பார்த்தேன், அவர் கூற்றே சரி.

வரிகளுக்கு இடையேயுள்ள வெளியும் இத்தகையதே. பத்துப் பொயின்ற் எழுத்துக்குப் பன்னிரண்டு பொயின்ற் வரியளவு என்பது ஆங்கிலத்திற் பெருவழக்கு. தமிழில் மேல்வரியின் ‘கூ’ கீழே இறங்கும். கீழ்வரியின் ‘கீ’ மேலே எழும். மெய்யின் புள்ளி அவற்றிடையே நெரியும். பதினைந்து பொயின்ற் அளவேனும் வேண்டும் என்பது என் துணிபு. தாள் வீணாகும் என்பார்க்கு விடை பழைமையானது. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் அச்சுவேலை தொடங்கியபோது, ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பெற்ற தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தன. தாள் போதாமை கண்டு, சிறிய எழுத்துக்களை அவ்விடத்திலேயே வார்த்தனர். 1862இல் வெளிவந்த வின்சிலோவின் அகராதியோ, சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் ஹண்ட் என்பாரின் மேற்பார்வையில் நுண்ணிய எழுத்தில் அமைந்தும் இன்றுங் கண்ணுக்கு இனிமை தருகிறது. சிறுமை குற்றமன்று, நெருக்கமே குற்றம்.

தலைப்புக்களில் அவர் செய்த பிழை இதனினும் பெரிது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்களைத் தலைப்பில் இட்டு, எழுத்துக்கெழுத்துச் சிறிது வெளிவிடுதல் அங்கே நயம். அந்நயத்தைத் தமிழிற் செய்தபோது ‘கொ’ என்னும் ஓரெழுத்துக் கொம்பு வேறு, ககரம் வேறு, கால் வேறாக மூன்று துண்டாயிற்று. உயிர்மெய்யைக் கூறுபோடும் உரிமை தொல்காப்பியருக்குண்டு; அச்சடிப்போனுக்கில்லை. தமிழிலே பெரிய எழுத்தில்லை என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தைப் பெரிய எழுத்தே அறிவிக்கும். நம் வாக்கியத்தின் எல்லையைக் காப்பது ஒரு சிறு முற்றுப்புள்ளியும் அதன்பின் வரும் வெளியுமே. பந்தித் தொடக்கத்தின் உள்ளிழுப்பையும் தூய்மை கருதி நீக்கிவிட்டால், ஒரு பந்தியின் ஈற்றுவரி ஓரம்வரை நிரம்பியவிடத்து அடுத்த பந்தி அதனோடு கலந்துவிடும். அவர் பக்கங்களில் அவ்வாறு கலந்த இடம் இரண்டு. சாய்ந்த எழுத்தும் நமக்கு இயல்பானதன்று. அங்கே அதற்கு 1501இல் வெனிசு நகரில் அல்டசு பதித்த நூலிலிருந்து ஒரு மரபுண்டு. இங்கே கணினி எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவே.

இவையெல்லாம் திருத்தத்தக்கன. என்னை நெடுநேரம் நிறுத்தியது குறட் பக்கமே.

ஓரதிகாரம் ஒரு பக்கத்தில் அடங்கவேண்டி, அவர் பக்கத்தை இரு பத்திகளாக்கியிருந்தார். பத்தி ஒடுங்கவே முதலடி வரியில் அடங்கவில்லை. மூன்று சீர் முதல் வரியில் நின்றன. நாலாஞ்சீர் இறங்கி, ஈற்றடியின் இரு சீரோடு கலந்து இரண்டாம் வரியாயிற்று. கடைசிச் சீர் தனித்து மூன்றாம் வரியாயிற்று. மூன்று வரிகளும் நடுவாக்கப்பட்டிருந்தன. பார்வைக்குப் பூச்சாடி போன்று அழகாகவே இருந்தது. ஆயின் குறள் அங்கே இல்லை. நாற்சீரடியும் முச்சீரடியுமாய், இடவோரம் ஒத்து இரு வரியில் நின்றாலன்றோ முதலடியின் எதுகைக்குக் கீழே ஈற்றடியின் எதுகை வந்து நிற்கும்? எட்டாஞ்சீர் இருக்கவேண்டிய இடத்திலுள்ள வெறுமையைக் கண் கண்டால் நாவும் அங்கே நிற்கும். அவ்வெறுமை யாப்பின் ஓர் உறுப்பு. அதனை அலங்காரமாக எண்ணி இடம் மாற்றுதல் கூடாது.

இதற்கு மாணவர் சொன்ன விடை கூர்மையானது. “சேர், ஏட்டிலே அடியும் பிரிக்கவில்லை, சீரும் பிரிக்கவில்லை. அப்படியும் படித்தார்கள்தானே?” என்றார். உண்மை. ஏட்டிற் செய்யுள் உரைநடைபோல ஓடும். மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ரகரமும் காலும் ஒன்றே. ஆயின் ஏடு தனித்து நின்றதில்லை. அருகே ஆசிரியர் இருந்தார். பாடம் செவியில் இருந்தது. ஏடு நினைவுக்குத் துணையாகவே இருந்தது. அச்சு வந்தபோது நூல் முன்பின் அறியாதார் கைக்குச் சென்றது. ஆசிரியர் அருகில்லாத அவ்வாசகனுக்கு அவர் செய்த வேலையைப் பக்கமே செய்யவேண்டியதாயிற்று.

இதனை நன்குணர்ந்தவர் நம் நாவலர். வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிப் பதிப்பித்த நூல்களில், மேனாட்டார் குறியீடுகளை முறையாக ஆண்டு, வாக்கியத்துக்கு எல்லை கோலினார். சிறுபிள்ளைகளின் பாலபாடத்துக்கும் பரிமேலழகர் உரைக்கும் அவர் காட்டிய கவனம் ஒன்றே. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையையும், அதே ஆண்டிற் சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் வெளியிட்டனர். ஏடுகளில் எது மூலம், எது உரை, எது மேற்கோள் எனத் தெளிதலே அவர்க்குப் பெரும்பணி. தெளிந்ததைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, அடிக்குறிப்பு, விட்ட வெளி என்பவற்றாற் காட்டினர். அவர்கள் அச்சிட்ட பக்கம் ஒரு தீர்ப்பு. வேறிடத்திற் பிரித்தாற் பொருளும் வேறாகும்.

ஆகவே பளிங்குக் கிண்ணம் என்னும் உவமை நம் பக்கத்துக்கு முற்றும் பொருந்தாது. மது முன்னரே ஆக்கப்பட்டு, பின்னர்க் கிண்ணத்தில் வார்க்கப்படுவது. நம் செய்யுளோ பக்கத்தில் நிற்கும்போதே அடியும் சீரும் பெறுகிறது. அவற்றைத் தருபவன் ஒருவகை உரையாசிரியன். வோட் அம்மையார் பேசியது நூற்றாண்டுகளாகப் பிரிப்பு முறை நிலைபெற்ற மொழியில். அவர்தம் அறிவுரையை அங்ஙனமே கொள்வோன், தான் செய்யும் பொருட்டுணிபைத் தானே அறியாதவனாவான்.

எஞ்சிய வினா கடினமானது. சீர்பிரிப்பதா, சொற்பிரிப்பதா? சீர்ப்படி அச்சிட்டால் ஓசை நிலைக்கும். வகையுளி நேர்ந்தவிடத்துச் சொல் இரண்டாய்ப் பிளந்து, சிறுவர் பொருளறியாது தடுமாறுவர். 1950களிற் சென்னையில் ராஜம் அவர்களின் மர்ரே நிறுவனத்தார் சந்தி பிரித்துப் பதிப்பித்த மலிவுப் பதிப்புக்கள் பழைய இலக்கியத்தைப் பலர் கைக்குக் கொண்டுசென்றன. புலவர் சிலர்க்கு அது யாப்பைக் கெடுத்ததாகவே தோன்றியது. வகுப்பில் யான் சீரோடு படிப்பித்துப் பின்னர்ச் சொற்பிரித்துக் காட்டுவேன். ஒரு பக்கம் இரண்டையும் ஒருங்கே செய்தல் அரிது. சீரே முதன்மை என்பது என் கொள்கை. சிறுவர்க்குச் சொல்லே முதன்மை என்பது அவருடையது.

இரு கிழமை கழித்து அவர் மீண்டும் வந்தார். உரைநடைப் பக்கங்களில் வலவோரம் நேராக்கப்படவில்லை, பந்திகள் உள்ளிழுக்கப்பட்டிருந்தன. குறட் பக்கத்திற் பத்தி ஒன்றே. ஒவ்வொரு குறளும் சீர்ப்படி இரு வரியிற் பெரிய எழுத்திலும், அதன் கீழே சொற்பிரித்துச் சிறிய எழுத்திலும் நின்றது. இரட்டிப்பு வேண்டாவென யான் இன்றும் கருதுகின்றேன்; அவர் இசையவில்லை. அதனால் அதிகாரம் ஒரு பக்கத்தில் அடங்காது இரண்டாம் பக்கத்துக்குச் சென்று, அதன் கீழ்ப்பாதி வெறுமையாயிற்று. அவ்விடத்தில் ஏதேனும் ஒரு படம் இடலாமா என அச்சகத்தார் கேட்டனராம். வேண்டாவென்பதில் எமக்குள் வேறுபாடில்லை.